வேண்டாம் என்று அந்தப் பெண்ணால் சொல்ல முடியுமா?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறேன். மகப்பேறு வார்டு போஸ்டிங்கில் ஒருநாள், பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணுக்கு பி.ஜி. (முதுநிலை மருத்துவம்) படிக்கும் அக்கா உள்பரிசோதனை செய்துவிட்டு, எங்களையும் ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்தார்கள். நான் கையுறை மாட்டிக்கொண்டு அருகில் போனதும், "இன்னும் எத்தனை பேர் பாப்பா?" என்று அந்தப் பெண் கேட்டார். என்னால் தொட முடியவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டேன். "இப்படித் தயங்கினால் எப்போது கற்றுக்கொள்வாய்? ஜி.எச்.சுக்கு வந்தால் மாணவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள்" என்றார் அக்கா. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

மெடிசின் வார்டில் ஓர் இரவு, ஒரு பெரியவருக்கு, பென்சிலின் வகையைச் சேர்ந்த ஆம்பிசிலின் ஊசி எழுதியிருந்தார்கள். அவருடைய பழைய ஓ.பி. சீட்டில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று இருப்பதை சிஸ்டர் எடுத்துச் சொன்னார். "டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், எனக்கே சொல்லித் தருகிறீர்களா?" என்று பி.ஜி. அண்ணன் கோபித்துக்கொண்டார். அந்தச் சீட்டை நானும் பார்த்திருந்தேன். வாய் திறக்கவில்லை. சற்று நேரத்தில் உதவிப் பேராசிரியர் வந்து மருந்தை மாற்றிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இதற்கிடையே, ஏட்காம் (மருத்துவ அறமும் உரையாடலும் கற்பிக்கும் பாடம்) ரெகார்டில் தலைமைப் பண்பு பற்றிச் சொந்த அனுபவத்தை எழுதச் சொல்கிறார்கள். எல்லோரும் சீனியர்களின் ரெகார்டைப் பார்த்து எழுதுகிறார்கள். வார்டில் கடைசி ஆளாக நிற்கும் எனக்கு என்ன தலைமை, என்ன அனுபவம்?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

"இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். காணவில்லை. நீங்கள் பின்வாங்கினீர்கள், அக்கா உங்களைக் கடிந்துகொண்டார், உங்களுக்குப் பின்னால் நின்றவர் ஒருவேளை முன்னே போயிருப்பார். கேட்டவர் கேட்டபடியே கிடந்தார். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற எல்லாமும் இந்த இடத்தோடுதான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

மகப்பேறு மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அக்கா சொன்னதில் ஒரு பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எதுவரை இறங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை விரல் நுனிதான் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்துப் படத்தைப் பார்த்து அது வராது. ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்காமல் நீங்கள் பட்டம் வாங்கி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் தனியாக நின்றால், அந்த ஊர்ப் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் அநியாயம் அது. இவருக்கு இங்கேயே பிரசவம் பார்க்கலாமா, உடனே 108ஐ வரவழைத்து அனுப்ப வேண்டுமா என்ற முடிவே அந்தப் பரிசோதனையைப் பொறுத்துத்தான் இருக்கும். அதனால் கற்றுக்கொள்ளாமல் ஒதுங்கிக்கொள்வதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன்.

மறுபாதி தவறு. ஜி.எச்.சுக்கு வருகிறவர் வைத்தியத்துக்கு வருகிறார். அங்கே பணம் கட்டுவதில்லை என்பதற்காக, உடம்பைக் கட்டணமாகத் தரச் சம்மதித்துவிட்டார் என்று ஆகிவிடாது. அதே அக்கா நாளைக்கு ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தால், பிரசவத்துக்கு வந்த பெண்ணின் கட்டிலருகே நான்கு பேரை வரிசையில் நிறுத்துவாரா? மாட்டார். அப்படியானால், மருத்துவக் கல்வியின் விதி என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது ஏழைகளிடம் மட்டும் செல்லுபடியாகும் விதி. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. அவர் அதை அடுத்த பேட்சுக்குக் கடத்துகிறார். நல்ல டாக்டர்கள் கையாலேயே இது தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதுதான் என்னை வாட்டுகிறது.

முதலாம் ஆண்டில் உடற்கூறியல் கூடத்துக்குள் நுழைந்தபோது, மேஜையில் கிடந்த உடலுக்கு முன்னால் உறுதிமொழி எடுத்திருப்பீர்கள். உடலைத் தந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்றியோடு இருப்பேன், மரியாதையோடு நடத்துவேன் என்று. அருமையான வழக்கம். இறந்தவருக்கு முன்னால் அவ்வளவு பேசுகிற நாம், சில ஆண்டுகள் கழித்து, உயிரோடு வலியில் முனகும் ஒருவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கையுறை மாட்டுகிறோம்.

இதில் மரியாதையோடு மருத்துவமும் சேர்ந்தே இருக்கிறது. சிக்கல் இல்லாத பிரசவத்தின் முதல் கட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை செய்வதே போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் சொல்கின்றன. ஒரே நேரத்தில் பலர் அடுத்தடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன. பனிக்குடம் உடைந்துவிட்டால் ஒவ்வொரு பரிசோதனையும் கிருமி உள்ளே போக ஒரு வாய்ப்பு. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவர்கள். மாணவர்கள் வார்டில் பிரசவக் காய்ச்சலில் செத்தவர்கள் மிக அதிகம். பிணவறையில் உடலை அறுத்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் 1847இல் கண்டுபிடித்து, குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் இரண்டு சதவீத அளவுக்கு இறங்கியது. அந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பே, மாணவர்கள் இருக்கும் வார்டு வேண்டாம் என்று வியன்னாவின் ஏழைப் பெண்கள் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர்களுக்குப் புரியாதது அவர்களுக்குப் புரிந்திருந்தது. யாரும் காது கொடுக்கவில்லை.

சரி, எப்படிக் கற்றுக்கொள்வது?

வலி உச்சத்தில் இருக்கும்போது சம்மதம் கேட்பதில் அர்த்தம் இல்லை. அந்த நேரத்தில் எதற்கும் தலையை ஆட்டிவிடுவார்கள். வார்டில் சேர்ந்த சிறிது நேரத்தில், சிஸ்டரும் உடன் வந்திருக்கும் துணைப் பெண்ணும் பக்கத்தில் இருக்கும்போது போங்கள். கட்டில் உயரத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். "அக்கா, நான் இங்கே டாக்டருக்குப் படிக்கிறேன். டாக்டர் உங்களைப் பரிசோதிக்கும்போது, அவருக்குப் பிறகு நானும் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா? கொஞ்சம் சங்கடமாக இருக்கும். வேண்டாம் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், உங்கள் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது." இந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டது கேள்வியே இல்லை. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். வாய் 'சரி' என்று சொல்லி, கை சேலையை இறுக்கிப் பிடித்தால் அது சம்மதம் இல்லை.

சம்மதித்தால், மறைப்பை இழுத்துவிடுங்கள். வேண்டிய அளவுக்கு மேல் துணியை விலக்காதீர்கள். வலி வந்து அடங்கும்வரை காத்திருங்கள். தொடுவதற்கு முன் தொடப்போகிறேன் என்று சொல்லுங்கள். முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு அப்படியே நகர்ந்துவிடாமல், கண்டதை டாக்டரிடம் சரிபார்த்துக்கொண்டு அந்தப் பெண்ணிடமும் சொல்லுங்கள்: "ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கிறது அக்கா, நல்லபடியாக முன்னேறுகிறது." தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை வலியில் கிடப்பவரிடம் யாராவது சொல்ல வேண்டாமா? ஒரு பெண்ணை ஒரு மாணவர் பார்த்தால் போதும். மற்றவர்கள் அடுத்த பெண்ணுக்காகக் காத்திருக்கட்டும்.

எல்லோரும் வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லா பேட்சிலும் உண்டு. என் அனுபவத்தில், முறையாகக் கேட்டால் பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள். "நல்லாப் படிச்சு நாலு பேருக்குப் பாரும்மா" என்று வாழ்த்துகிறவர்களும் உண்டு. மறுப்பவர்களை விட்டுவிடுங்கள். உங்கள் கல்லூரியில் பொம்மைகளில் செய்து பழகும் ஸ்கில்ஸ் லேப் இருக்கும். பல கல்லூரிகளில் அது ஆய்வுக்கு ஆள் வரும் நாளில்தான் திறக்கிறது. வற்புறுத்தித் திறக்க வையுங்கள். நான்கு சென்டிமீட்டருக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் முதலில் பொம்மையில் பழகட்டும். நம் பண்டைய அறுவை மருத்துவர் சுசுருதர் தன் மாணவர்களைச் சுரைக்காயிலும் வெள்ளரியிலும் கீறிப் பழகிய பிறகே மனிதரிடம் அனுப்பினார்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் ஆபரேஷன் தியேட்டர் போஸ்டிங்கில் அது உங்கள் முன்னால் வந்து நிற்கும். மயக்கத்தில் இருக்கும் பெண்ணை மாணவர்கள் உள்பரிசோதனை செய்வது. அவருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் அதன் வசதி, அதன் கொடுமையும் அதுவே. அமெரிக்காவில்கூட 2024 ஏப்ரலில்தான், இதற்கு முன்கூட்டியே எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அரசு கண்டிப்பாகச் சொன்னது. நம் நாட்டில் சமீரா கோலி வழக்கைப் படியுங்கள். 1995இல் டெல்லியில் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி வழியே பார்க்கும்) பரிசோதனைக்குச் சம்மதம் தந்து மயக்கத்தில் இருந்தவர் அவர். வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுவிட்டு அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, விவரம் தெரிந்த பெண்ணுக்காகத் தாயார் சம்மதம் தரவும் முடியாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாக்டர் பார்க்கத் தந்த சம்மதம் மாணவர் பார்ப்பதற்கும் ஆகாது என்று அந்தத் தீர்ப்பை நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் வார்டில் இருந்த பெண் உச்ச நீதிமன்றம்வரை போக மாட்டார். அதனால் அவர் உரிமை குறைந்துவிடாது.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன்.

2005இல் இங்கிலாந்தில், எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு சுவாசத்துக்கான குழாயைப் பொருத்த முடியவில்லை. ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது. அனுபவம் மிக்க மூன்று மருத்துவர்கள் குழாயை உள்ளே செலுத்துவதிலேயே திரும்பத் திரும்ப முனைந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடுவதற்கான கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்து தெரிவித்தார். மருத்துவர்களின் பார்வையே 'இதெல்லாம் எதற்கு' என்பதுபோல் இருந்ததால் படுக்கையை ரத்து செய்தார். எலைன் 13 நாட்கள் கழித்து இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அறையில் சிலருக்குத் தெரிந்தே இருந்தது. அதைக் கேட்கவைக்கும்படி சொல்ல அவர்களுக்கு வழி இல்லை. எலைனின் கணவர் மார்ட்டின் விமானி. கடைநிலை ஊழியர்கூடக் கேப்டனை நிறுத்திப் பேசுவதற்குத் தன் தொழிலில் பயிற்சி தருகிறார்களே, இங்கே ஏன் இல்லை என்று கேட்டார். யாரையும் பழிவாங்கக் கிளம்பாமல், 2007இல் இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

உங்கள் சிஸ்டர் நின்ற இடம் அதுதான். நீங்கள் அவருக்குப் பக்கத்தில், அதே சீட்டைப் படித்த இரண்டாவது சாட்சியாக நின்றீர்கள். சிஸ்டர் சொன்னது சரி என்பதில் சந்தேகம் வேண்டாம். பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதியிருப்பவருக்கு டெஸ்ட் டோஸைச் சாக்காக வைத்து ஆம்பிசிலின் போடக் கூடாது. என்ன நடந்தது, எவ்வளவு கடுமையாக இருந்தது என்று பெரியவரையோ வீட்டாரையோ கேட்க வேண்டும். வேறு மருந்து கிடைக்கும்போது வேறு மருந்துதான். அடுத்த முறை இப்படி ஆரம்பியுங்கள்: "சார், ஒரு சந்தேகம். இந்த ஓ.பி. சீட்டில் ஒவ்வாமை என்று இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறீர்களா?" சீட்டை அவர் கையில் கொடுங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்படுவது கடினம். அப்படியும் தட்டிவிட்டால், குரலை உயர்த்தாமல் ஒரு படி மேலே போங்கள்: "சார், எனக்குப் பயமாக இருக்கிறது. உதவிப் பேராசிரியரிடம் கேட்கும்வரை இதை நிறுத்திவைக்கலாம்." மூன்றாவது படி, உதவிப் பேராசிரியருக்கு நீங்களே போன் செய்வது. மாணவிதான் என்றாலும் செய்யலாம். செய்துவிட்டு பி.ஜி. அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

அவரை வெறுக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரவில் அவர் எத்தனை மணி நேரமாகக் கண்விழித்திருந்தார் என்று உங்களுக்கே தெரியும். களைத்த மூளைக்குத் தன் தவறு தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் இதையும் மனத்தில் வைத்துத்தான் உருவானது. கத்தி வைப்பதற்கு முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. 1.5 சதவீதமாக இருந்த இறப்பு 0.8 சதவீதமானது. பட்டியல் முழுவதற்கும் சேர்ந்த பலன் அது. என்றாலும், ஒருமுறை தன் பெயரைச் சொன்னவருக்கு அடுத்த வார்த்தை சொல்வது எளிது என்பதை எத்தனையோ தியேட்டர்களில் பார்த்தவள் என்பதால், அந்த ஓர் அம்சத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த சிஸ்டரைத் தேடிப் போங்கள். "அன்று நீங்கள் சொன்னது சரி சிஸ்டர், நானும் அந்தச் சீட்டைப் பார்த்தேன், பேசியிருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அடுத்த இரவில் அவர் மறுபடி வாய் திறப்பதற்கு அது உதவும். மூத்தவர் ஒருமுறை சீறியதால் நல்ல நர்ஸ்கள் பேசுவதையே நிறுத்திக்கொண்ட வார்டுகள் உண்டு. அவற்றில் சேர்க்கப்படும் நோயாளிகளை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

தலைமை பற்றிக் கேட்டீர்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் நம் பாடத்திட்டம், எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஏற்க வேண்டிய பொறுப்புகள் என்று ஐந்தைச் சொல்கிறது. சிகிச்சை தருபவர், மருத்துவக் குழுவின் தலைவரும் உறுப்பினரும், நன்கு எடுத்துரைப்பவர், வாழ்நாள் முழுதும் கற்பவர், தொழில் அறம் உள்ளவர். தலைவர், உறுப்பினர் இரண்டையும் ஒரே பொறுப்பாகச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். உறுப்பினராக இருக்கும்போதே கண்டதைச் சொல்லிப் பழகாதவர், நாற்காலி கிடைத்ததும் மற்றவர்களைச் சொல்ல விட மாட்டார். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் என்று பொருள் இல்லை. அங்கே பயப்படாமல் சொன்னார்கள்.

ஏட்காம் என்பது அணுகுமுறை, அறம், உரையாடல் ஆகிய மூன்றையும் கற்பிக்க வந்த பாடம். அதில் சீனியர் எழுதிய அனுபவத்தை நகலெடுப்பது எவ்வளவு வேதனையான முரண் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களிடம் எழுதுவதற்கு இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. எனக்கு எழுதியதையே எழுதுங்கள். நோயாளியின் பெயர், படுக்கை எண், தேதி வேண்டாம். அடையாளம் தெரிகிற எதையும் ரெகார்டிலும் எழுதக் கூடாது, வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. என்ன பார்த்தேன், என்ன செய்தேன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் போதும். ஐந்து மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

தூக்கம் பற்றி. நான்கைந்து நாள் கலக்கம் இயல்பானது, மனசாட்சி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் நீடித்தால் மனநலத் துறையில் உங்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரைப் பாருங்கள். மருத்துவர்கள் உலகெங்கும் ஏற்கும் ஜெனீவா உறுதிமொழியில், என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் திறனையும் பேணுவேன் என்ற வரி 2017இல்தான் சேர்ந்தது. தாமதமாக வந்தாலும் அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிப் பேசினால் எந்தச் சங்கடமும் வராது என்று நான் உறுதி தர மாட்டேன். இன்டர்னல் மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது. 'பெரிய காந்தி வந்துவிட்டாள்' என்று கிண்டல் செய்வார்கள். தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராக, நோயாளிகள் முன்னால் இல்லாமல், ஓ.பி. முடிந்த பிறகு யூனிட் சீஃபிடம் போங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், "மேடம், ஒரு நோயாளிக்கு ஒரு மாணவர், முன்கூட்டியே சம்மதம் கேட்டு, என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் பிரசவ அறையில் மரியாதையான பராமரிப்பை வலியுறுத்துவதால், நீங்கள் கேட்பது புதிய சலுகை இல்லை. ஆனால் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் யாராவது பரிசோதித்தால், அது கிண்டலுக்குப் பயந்து ஒதுங்கும் விஷயம் இல்லை. அன்றைக்கே துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அடுத்த மகப்பேறு போஸ்டிங் தொடங்குவதற்குள் தோழிகள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாலை ஸ்கில்ஸ் லேபில் உட்காருங்கள். ஒருவர் கட்டிலில் படுக்கட்டும், ஒருவர் சம்மதம் கேட்கட்டும். படுத்திருப்பவர் சிலமுறை 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்து பழக வேண்டும். முடிந்தால் அந்த பி.ஜி. அக்காவையும் கூப்பிடுங்கள். வந்தாரா, என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.